முகெனில் கேரக்டர் மூவ்களை பேலன்ஸ் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகென் என்பது எலெக்பைட் என்ற குழு 1999-இல் இலவசமாக வெளியிட்ட ஃபைட்டிங் கேம் எஞ்சின். கேரக்டர், ஸ்டேஜ், திரை எல்லாவற்றையும் நாமே செய்து உள்ளே போட்டுக்கொள்ளலாம். அதே கோப்புகளை வைத்து ஓடும் இக்கெமென் கோ இன்று பலர் கையில் இருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டுக்கும் பொருந்தும்.

கேரக்டரை வரைந்து, அசைய வைத்து, சண்டை போடவும் வைத்துவிட்டீர்கள். நண்பர்கள் ஆடிப் பார்த்து "இது ரொம்ப ஓவர்" என்கிறார்கள், அல்லது யாருமே அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதற்கு அப்புறம் வரும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். எஞ்சினோடு வரும் குங்ஃபூ மேனின் கோப்புகளை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும், எல்லாம் புரியும்.

பேலன்ஸ் என்றால் எல்லாக் கேரக்டரும் ஒரே பலத்தில் இருக்க வேண்டுமா?

வேண்டாம். அது நடக்கவும் நடக்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஜாங்கீஃபுக்குத் தூரத்திலிருந்து எறிய ஒன்றுமே கிடையாது. கைலுக்கு சோனிக் பூம் என்ற எறிபந்து இருக்கிறது. இருவரையும் சமமாக்குகிறேன் என்று ஜாங்கீஃபுக்கு ஒரு பந்தைக் கொடுத்தால், அவனை விரும்பி எடுக்கிறவனுக்கு அப்புறம் என்ன மிச்சம்? கிட்டே போய்ச் சேர்வதுதான் அவன் ஆட்டமே.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த மூவ் வரும்போது எதிராளிக்கு ஏதாவது ஒரு பதில் இருக்கிறதா? பிளாக் செய்துவிட்டுத் திருப்பி அடிக்கலாம், தாண்டலாம், தூரத்தில் நின்று தவறவிட வைக்கலாம், முன்கூட்டியே யூகித்து முந்தலாம். இவற்றில் ஒன்றாவது இருந்தால் மூவ் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆட்டம் ஓடும். எதுவுமே இல்லையென்றால் 5 புள்ளி டேமேஜ் கொடுக்கும் குத்துகூட ஆட்டத்தைக் கொன்றுவிடும். கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் அடி இதுதான்.

ஓவராக இருக்கிற மூவின் டேமேஜைக் குறைத்தால் போதாதா?

எல்லோரும் முதலில் கை வைப்பது அங்கேதான், ஏனென்றால் மாற்ற எளிது. கேரக்டரின் நடத்தையை எழுதும் சிஎன்எஸ் கோப்பில், ஓர் அடியின் விவரங்கள் இருக்கும் ஹிட்டெஃபுக்குள் போய் 90-ஐ 60 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த மூவ் ஏன் ஓவர் என்று கேட்டுப் பாருங்கள். "சீக்கிரம் வருது", "தடுத்தாலும் அவனே மறுபடி அடிக்கிறான்", "எங்கே நின்றாலும் படுது" என்றுதான் பதில் வரும். டேமேஜ் அதிகம் என்று சொல்கிறவர்கள் குறைவு. டேமேஜைக் குறைத்தால் அதே தொல்லை இன்னும் நீண்ட நேரம் நடக்கும். முன்பு 12 அடியில் முடிந்த சுற்று இப்போது 17 அடி வரை இழுக்கும். மாட்டிக்கொண்டவனுக்கு அது இன்னும் பெரிய வேதனை.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நேரம், அடுத்து தூரம், அப்புறம் கேன்சல் (ஒரு மூவைப் பாதியில் வெட்டி அடுத்த மூவுக்குப் போவது), கடைசியில்தான் டேமேஜ். டேமேஜ் என்பது அந்த மூவை அடித்ததற்கான கூலி. வேலையே சரியாக இல்லாதபோது கூலியைப் பேசிப் பயனில்லை.

நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

ஃபைட்டிங் கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும். முகெனில் அதை டிக் என்பார்கள். ஒரு டிக் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. ஒவ்வொரு மூவுக்கும் மூன்று பகுதி உண்டு: கை கிளம்பி அடிக்கும் நிலைக்கு வரும்வரை ஸ்டார்ட்அப், அடி படக்கூடிய நேரம் ஆக்டிவ், கை திரும்பி உங்கள் கட்டுப்பாடு மீண்டும் கிடைக்கும்வரை ரிக்கவரி.

முகெனில் இவை ஒரே இடத்தில் எழுதியிருக்காது. அனிமேஷன் இருக்கும் ஏர் கோப்பில் ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் இருக்கும் எண்தான் அது எத்தனை டிக் நிற்கும் என்பது. சிவப்புப் பெட்டி, அதாவது கிளிஸன்1, முதன்முதலில் எந்தப் படத்தில் வருகிறதோ அதற்கு முந்தைய எண்களைக் கூட்டினால் ஸ்டார்ட்அப். சிவப்புப் பெட்டி இருக்கும் படங்கள் ஆக்டிவ். மிச்சம் ரிக்கவரி. பெரும்பாலான மூவ்கள் அனிமேஷன் முடிந்ததும் நிற்கும் நிலைக்குத் திரும்பும்படி எழுதப்பட்டிருக்கும். அதனால் கடைசிப் படத்தின் எண்ணை 4-லிருந்து 8 ஆக்கினாலே ரிக்கவரி 4 டிக் கூடிவிடும். கோடில் ஒரு வரியும் தொட வேண்டாம்.

ஒரு எடுத்துக்காட்டு. ஸ்டார்ட்அப் 5, ஆக்டிவ் 3, ரிக்கவரி 9. ஆக்டிவின் முதல் டிக்கிலேயே அடி பட்டால், அடித்தவனுக்கு மிச்சம் 2 + 9 = 11 டிக். அடிபட்டவன் 13 டிக் தள்ளாடினால், அடித்தவன் 2 டிக் முன்னால் விடுபடுகிறான். இதை ப்ளஸ் 2 என்கிறோம். பிளாக் செய்தவன் 7 டிக்கில் விடுபட்டால் அது மைனஸ் 4. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் வேகமான லைட் அடிகள் 4 ஃப்ரேமில் வரும். அங்கே மைனஸ் 4 என்றால் பக்கத்தில் நிற்பவன் தண்டனை கொடுத்தே விடுவான், மைனஸ் 3 என்றால் தப்பிக்கலாம். ஒரே ஒரு ஃப்ரேம்தான் வித்தியாசம். உங்கள் மோடிலும் (நீங்கள் மாற்றியமைத்த ஆட்டத்திலும்) வேகமான அடி எத்தனை டிக் என்று முதலில் பார்த்து வையுங்கள். பிளாக்கில் எது பத்திரம், எது ஆபத்து என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

ரிக்கவரியை நான் கபடியோடு சேர்த்துத்தான் யோசிப்பேன். பாடிப் போகிறவன் தொட்டால் மட்டும் போதாது, தன் பக்கம் திரும்பியும் வர வேண்டும். திரும்பி வருகிற வழியில்தான் எதிரணிக்கு வேலை.

பாஸ்டைம் என்பது அடி படும்போது இருவரும் உறைந்து நிற்கும் நேரம். அடித்தவனுக்கு ஒன்று, அடிபட்டவனுக்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் (குங்ஃபூ மேனின் லைட் குத்தில் 8, 8) கணக்கு மாறாது. எதிராளியின் எண்ணை மட்டும் கூட்டினால் அது உங்களுக்குச் சத்தமில்லாமல் கிடைக்கும் ப்ளஸ். பிறர் செய்த கேரக்டரை எடுத்துத் திருத்தும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

எதிராளி பிளாக் செய்தாலும் நான்தான் முந்துகிறேன். எங்கேயும் அப்படி எழுதவில்லையே?

எழுதாததுதான் காரணம். முகெனில் கார்டு.ஹிட்டைம் (பிளாக் செய்தவன் தள்ளாடும் நேரம்) என்ற மதிப்பைத் தரவில்லை என்றால், எஞ்சின் கிரவுண்ட்.ஹிட்டைம் (தரையில் அடிபட்டவன் தள்ளாடும் நேரம்) மதிப்பையே அதற்கும் எடுத்துக்கொள்ளும். பிளாக் செய்தவன் பின்னால் சறுக்கும் நேரமான கார்டு.ஸ்லைடுடைம் அதிலிருந்து வரும். எதிராளிக்குக் கட்டுப்பாடு எப்போது திரும்பும் என்று சொல்லும் கார்டு.கன்ட்ரோல்டைம், ஸ்லைடுடைமிலிருந்து வரும். ஆக ஒரு வரி விட்டுப்போனால் மூன்றும் சேர்ந்து போகும். காம்போ (தப்ப முடியாத தொடர் அடி) சேர வேண்டும் என்று ஹிட்டைமை 20-க்கு ஏற்றியிருப்பீர்கள். பிளாக் செய்தவனும் அதே 20 டிக் பூட்டிக் கிடப்பான்.

புதிதாகச் செய்யப்பட்ட கேரக்டர்களில் பாதி "ஓவர்" என்ற புகார் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. ஒவ்வொரு ஹிட்டெஃபையும் திறந்து, கார்டு.ஹிட்டைமைக் கையால் எழுதுங்கள். லைட் அடிக்கு ஹிட்டைமைவிட 2 குறைவு, மீடியத்துக்கு 4 குறைவு, ஹெவிக்கு 6 அல்லது 8 குறைவு என்று தொடங்கலாம். இது சட்டமில்லை, தொடக்கம் மட்டும். இதைச் செய்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். டேமேஜைத் தொடாமலேயே கேரக்டர் வேறு ஆளாகத் தெரியும்.

கணக்குப்படி மைனஸ் 4. ஆனால் ஆடும்போது யாராலும் தண்டிக்க முடியவில்லையே?

தூரம். பிளாக் ஆனதும் எதிராளி பின்னால் சறுக்குவான். கார்டு.வெலாசிட்டி பெரிதாக இருந்தால் அவன் குத்து எட்டாத இடத்துக்குப் போய்விடுவான். அதனால் ஃப்ரேம் கணக்கையும் தள்ளும் தூரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சரியான இடத்தில் நின்று, நுனியில் பட வைத்தால் பத்திரம், ஒட்டி நின்று அடித்தால் ஆபத்து என்று வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆடுகிறவனின் கண்ணுக்கும் காலுக்கும் அதில் வேலை இருக்கிறது.

ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் (2001) மார்த்தின் வாள் இதற்கு நல்ல பாடம். வாளின் நுனி பட்டால் அடி பலம், நடுப்பகுதி பட்டால் சாதாரணம். மார்த்தை எதிர்த்து ஆடுகிறவன் விலகி ஓடாமல் உள்ளே நுழையப் பார்ப்பான், மார்த் பின்னால் நகர்ந்தே அடிப்பான். ஒரே ஒரு பெட்டியின் இடத்திலிருந்து இருவருக்கும் ஒரு நடனமே பிறந்துவிட்டது.

ஹிட்பாக்ஸ் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

படத்தில் கை எவ்வளவு நீள்கிறதோ அதைவிடக் கொஞ்சம் உள்ளே. முக்கியமானது சிவப்புப் பெட்டியின் நீளம் மட்டும் இல்லை, அடி படும் நீலப் பெட்டியும் (கிளிஸன்2) கையோடு சேர்ந்து நீள்கிறதா என்பதும்தான். குத்தும் கைக்கு நீலப் பெட்டியே இல்லையென்றால் எதிராளியால் அந்தக் கையை அடிக்கவே முடியாது. வெளியே சிவப்பு மட்டும் தனியாக நிற்கும் மூவ் எல்லா மோதலிலும் ஜெயிக்கும். வாள், தடி வைத்திருப்பவனுக்கு அது நியாயம். அதற்கு விலையாக ஸ்டார்ட்அப்பைக் கூட்டுங்கள். வெறுங்கைக்காரனுக்கு அப்படி வைக்காதீர்கள்.

கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஆட்டத்திலேயே பெட்டிகள் தெரியும். பாஸ் விசையை அழுத்தி நிறுத்திவிட்டு ஸ்க்ரோல் லாக்கை அழுத்தினால் ஒவ்வொரு டிக்காக நகரும். குனிந்து உதைக்கும் மூவ் ஒன்றை இப்படி நகர்த்திப் பாருங்கள். கால் திரும்பி வருகிற படத்தில் நீலப் பெட்டி காலை விட்டுவிட்டு உடம்பில் மட்டும் இருப்பது பல கேரக்டர்களில் தெரியும். கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது, ஆனால் அதை அடிக்க முடியாது. "தவறவிட்டவனைத் தண்டிக்கவே முடியல" என்ற புலம்பலின் வேர் அந்த 3 அல்லது 4 படங்களில் இருக்கும்.

இரண்டு அடிகள் ஒரே டிக்கில் ஒன்றையொன்று சந்தித்தால் பிரையாரிட்டி எண் தீர்மானிக்கும். 1 முதல் 7 வரை, எழுதாவிட்டால் 4. எல்லா மூவுக்கும் 7 போட்டு வைத்திருக்கும் கேரக்டரைப் பார்த்தால் 3, 4, 5 என்று பிரித்துப் போடுங்கள்.

ஃபயர்பாலை ஸ்பேம் செய்தே ஜெயிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில், ஒரு பந்து திரையில் இருக்கும்போது இன்னொன்று கிளம்ப முடியாதபடி நம்ப்ராஜ்ஐடி நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்ப்பர் (கேரக்டர் உருவாக்கும் துணைப் பொருள்) வழியாகப் பந்து விடும் கேரக்டர்களுக்கு நம்ஹெல்ப்பர். அடுத்து ரிக்கவரி. பந்து எறிந்தவன் கை திரும்புமுன் எதிராளி குதித்து வந்து அடிக்க முடிய வேண்டும். எறிவதற்கு முன்பே யூகித்துக் குதித்தால் முழுத் தண்டனை, பார்த்துவிட்டுக் குதித்தால் பிளாக்தான் என்று வந்தால் அளவு சரி.

மெதுவாகப் போகும் பந்துதான் அதிக ஆபத்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னாலேயே நடந்து போய் அடிக்கலாம், பந்து எதிராளியைப் பூட்டி வைக்கும். வேகமான பந்து படும் நேரத்தில் எறிந்தவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்பான்.

கைலின் சோனிக் பூமில் ரிக்கவரி மிகக் குறைவு. அதற்கு விலை, பின்பக்கம் அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும் என்பது. கட்டளையே விலையாக இருக்கும் மூவை ஒரே பட்டனுக்கு மாற்றினால் முழு மூவையும் மறுபடி எடைபோட வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் என்ற எளிய கட்டுப்பாட்டு முறையில் ஒரே பட்டனில் ஸ்பெஷல் மூவ் போட்டால் டேமேஜ் 80 சதவீதம்தான். கேப்காமே அப்படி விலை வைத்திருக்கிறது.

எழும்பிக் குத்தும் அப்பர்கட்டுக்கு இன்வின்சிபிள் (எந்த அடியும் படாத நிலை) கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கீழே விழுந்து எழுகிறவனுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நிலையைத் தரும் நாட்ஹிட்பை எத்தனை டிக் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். முதல் ஆக்டிவ் டிக் வரை போதும். கீழே இறங்கும்வரை நீடித்தால் தண்டிக்க வழியில்லை. பிளாக் ஆனால் முழு காம்போ வாங்கும் அளவுக்குத் திறந்து கிடக்க வேண்டும். பட்டால் பெரிது, தவறினால் அதைவிடப் பெரிது.

முடிவே இல்லாத காம்போ மாட்டுகிறது. எங்கே அறுப்பது?

மூன்று இடத்தில் பாருங்கள்.

தரையில் சுற்றுகிறது என்றால், ஒரே லைட் அடி தன்னைத்தானே கேன்சல் செய்கிறதா என்று, கட்டளைகள் இருக்கும் சிஎம்டி கோப்பில் பாருங்கள். கேன்சல் இருப்பது தப்பில்லை. ஒவ்வோர் அடிக்கும் கிரவுண்ட்.வெலாசிட்டி எதிராளியைக் கொஞ்சம் தள்ளினால் நாலாவது அடி தானாகவே எட்டாது. மூலையில் மட்டும் சுற்றுகிறது என்றால் அடித்தவன் பின்னால் தள்ளப்படவில்லை என்று அர்த்தம். கிரவுண்ட்.கார்னர்புஷ்.விலாஃப் என்ற மதிப்பில் இருக்கிறது பிரச்சினை.

கேன்சல் நிபந்தனையில் மூவ்கான்டாக்ட் (அடி எதிராளியைத் தொட்டதா என்ற சோதனை) இருக்கிறதா, அல்லது வெறும் நேரம் மட்டுமா? நேரம் மட்டும் என்றால் அடி படாமலேயே கேன்சல் ஆகும். தவறவிட்ட மூவுக்கு ரிக்கவரியே இல்லாமல் போய்விடும். குங்ஃபூ மேனின் சிஎம்டியில் நிற்கும் அடி, குனிந்த அடி எல்லாவற்றையும் ஸ்பெஷலாகக் கேன்சல் செய்ய அனுமதித்துவிட்டு, காலை வாரும் 440-ஆம் நிலையை மட்டும் விலக்கியிருப்பார்கள். கீழே விழவைக்கும் அடிக்கு அப்புறம் காம்போ ஓடக் கூடாது என்ற முடிவு அந்த ஒரே வரியில் இருக்கிறது. நான் பார்த்ததில் மிகச் சுத்தமான பேலன்ஸ் வரி அதுதான்.

காற்றில் சுற்றுகிறது என்றால் ஜகிள் புள்ளிகள், அதாவது காற்றில் இருப்பவனை எவ்வளவு அடிக்கலாம் என்ற வரம்பு. குங்ஃபூ மேனுக்கு மொத்தம் 15. ஒவ்வொரு தாக்குதல் நிலைக்கும் அதன் விலையை எழுத வேண்டும். பல நிலைகளாக நீளும் மூவில் முதல் நிலையில் மட்டும் எழுத வேண்டும். யாராவது நோஜகிள்செக் போட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் வேலை செய்யாது. அதைத் தேடிப் பாருங்கள்.

காம்போ நீண்டால் டேமேஜ் குறைவது என்ற ஸ்கேலிங், முகெனில் தானாக வராது. டேமேஜை எத்தனை மடங்கு என்று மாற்றும் அட்டாக்மல்செட் வைத்து அடி எண்ணிக்கைக்கு ஏற்ப நீங்களே எழுத வேண்டும். முதல் இரண்டு அடி முழுசாகவும், மூன்றாவதிலிருந்து 10 சதவீதம் வீதம் குறைந்தும், 30 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் வைத்துப் பாருங்கள். காம்போ கற்றவனுக்கும் மரியாதை இருக்கும், மாட்டியவனுக்கும் உயிர் இருக்கும்.

சூப்பர் மீட்டர் சீக்கிரம் நிரம்பிவிடுகிறதே?

சூப்பர் மூவுக்குச் செலவாகும் மீட்டர் ஓர் அடிக்கு எவ்வளவு சேரும் என்று சொல்வது கெட்பவர். அதை எழுதாமல் விட்டால், முகெனின் இயல்பு அமைப்பில் கொடுத்த டேமேஜில் 0.7 மடங்கு மீட்டர் சேரும். பிளாக் ஆனால் அதில் பாதி. ஆகவே டேமேஜைக் கூட்டும்போதெல்லாம் மீட்டரும் கூடுகிறது. சூப்பரில் அடிக்கும் அடிகளுக்கு மறக்காமல் கெட்பவர் 0 போடுங்கள். இல்லையென்றால் செலவழித்த 1000-இல் ஒரு பகுதி அந்த சூப்பரிலேயே திரும்பி வந்துவிடும்.

ஓவர்ஹெட், லோ (குனிந்து தடுக்க வேண்டிய) அடி மாற்றி மாற்றி வந்தால் தடுக்கவே முடிவதில்லை.

ஓவர்ஹெட்டை, அதாவது நின்று மட்டுமே தடுக்க வேண்டிய அடியை, கண்ணால் பார்த்துத் தடுக்க நேரம் வேண்டும். கண் பார்த்து, மூளை தீர்மானித்து, கை நகர 15 ஃப்ரேம் போல ஆகிவிடும். திரையின் தாமதம் தனி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில் தரையிலிருந்து வரும் ஓவர்ஹெட்கள் பலவும் 20 ஃப்ரேமை ஒட்டி இருப்பது இதனால்தான். 10 டிக் ஓவர்ஹெட் வைத்தால் எதிராளிக்கு மிச்சம் யூகம் மட்டும்தான். யூகமும் ஒரு பதில்தான், ஆனால் தப்பான யூகத்துக்கு அரை உயிர் போகக் கூடாது. வேகமான ஓவர்ஹெட் என்றால் அதிலிருந்து காம்போ வேண்டாம். காம்போ வேண்டும் என்றால் மெதுவாக வரட்டும்.

எந்தக் கேரக்டரை அளவுகோலாக வைப்பது?

முகெனின் பெரிய சிக்கல் இது. ஒருவர் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் கணக்கில் செய்திருப்பார், இன்னொருவர் மார்வெல் vs கேப்காம் கணக்கில் செய்திருப்பார். இரண்டும் தன் வீட்டில் நியாயம்தான், ஒன்றாகச் சேர்த்தால் ஒருவன் மற்றவனை விழுங்கிவிடுவான். எல்லோரோடும் சமமாக்க முயன்றால் பைத்தியம்தான் பிடிக்கும். 8 அல்லது 10 கேரக்டர்களை உங்கள் கூட்டமாகத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குள் மட்டும் பாருங்கள். உயிர் 1000, அட்டாக் 100, டிஃபென்ஸ் 100 என்ற இயல்பு எண்களை எல்லோருக்கும் வைத்துவிட்டு, மூவ் அளவில் வேலை செய்யுங்கள்.

கம்ப்யூட்டரோடு மோதவிட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை கஷ்டம் கிடையாது, பயம் கிடையாது, பழக்கமும் கிடையாது. ஒரே மூவை ஐந்து தடவை போட்டால் ஆறாவது தடவை மனுஷன் எதிர்பார்ப்பான், அது எதிர்பார்க்காது. முடிவில்லாக் காம்போவைத் தேடிப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு கம்ப்யூட்டரை மோதவிட்டு ராத்திரி முழுக்க ஓட விடலாம், அதற்குப் பயன்படும்.

ப்ளஸ், மைனஸைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அடி பட்டதும் இருவரும் மேல் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் கால் முதலில் தரையை விடுகிறதோ அவருக்குத்தான் ப்ளஸ். டிக் டிக்காக நகர்த்தினால் எத்தனை என்பதும் தெரியும். குதிக்கத் தயாராகும் நேரம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே கேரக்டரை நிறுத்திப் பாருங்கள். காகிதத்தில் போட்ட கணக்கில் ஒரு டிக் அங்கே இங்கே போகும், இதில் போகாது.

"நெர்ஃப் பண்ணு" (பலத்தைக் குறை) என்று எல்லோரும் கத்துகிறார்கள். கேட்பதா வேண்டாமா?

வலியைக் கேளுங்கள், வைத்தியத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். "இந்த உதை ஓவர்" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தூரத்தில், எதற்கு அப்புறம் வரும்போது, அவர் என்ன செய்து பார்த்தார் என்று கேளுங்கள். பல தடவை குற்றவாளி அந்த உதையாக இருக்காது, அதற்கு முன்னால் வந்த லைட் குத்தின் ப்ளஸ் 3-ஆக இருக்கும்.

புராஜெக்ட் எம்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலை மாற்றி, மெலீயின் வேகத்தைத் திரும்பக் கொண்டுவந்த மோட் அது. நடக்கும்போது தானாகத் தடுக்கி விழும் பிராலின் விதியை எடுத்தார்கள், தரையில் இறங்கும் தாமதத்தைக் குறைக்கும் எல்-கேன்சலைத் திரும்ப வைத்தார்கள். 2013 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் 41 கேரக்டர்கள், மெலீயோடு விடைபெற்ற மியூட்டூவும் ராயும் உட்பட. மெலீயின் முதல் வரிசைக் கேரக்டர்களுக்கு ஈடாக எல்லோரையும் உயர்த்துவது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மேடையை விட்டு வெளியே தள்ளப்பட்டவர்கள் பலரும் மிகச் சுலபமாகத் திரும்பி வந்தார்கள். ஸ்மாஷில் வெளியே தள்ளியவனுக்கு விளிம்பில் காத்திருந்து தடுப்பதுதான் பாதி ஆட்டம். அந்தப் பதில் அங்கே குறைந்துபோனது. 2014 நவம்பரில் வந்த 3.5-இல் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வெட்டாமல், மேடைக்குத் திரும்பும் மூவ்களைப் பரவலாகவே குறைத்தார்கள். புகார்கள் பெயர் பெயராக வந்தாலும் நோய் ஒன்றுதான் என்று அவர்கள் கண்டுகொண்டது எனக்குப் பெரிய பாடம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி அந்தக் குழு வேலையை நிறுத்தியது. பின்னால் ஆர்வலர்கள் புராஜெக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கேரக்டரை விட்டுவிட்டு விதியையே மாற்றலாமா?

ஒரே குறை பலரிடம் இருந்தால் மாற்றலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் ஒருவனைக் கீழே தள்ளிவிட்டு, அவன் எழும் நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டு மறுபடி மறுபடி யூகிக்க வைக்கும் ஆட்டம் பெருகியது. 2014-இல் வந்த அல்ட்ரா பதிப்பில் தாமதமாக எழும் வசதியைக் கொடுத்தார்கள். விழுந்தவனுக்கு ஒரு புதுப் பதில். முகெனில் இதை எல்லாக் கேரக்டருக்கும் பொதுவான காமன்1 கோப்பில் செய்யலாம், ஆனால் அதைத் தனியாக வைத்திருக்கும் கேரக்டர்களுக்குப் போய்ச் சேராது.

அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு மூவ் வைக்கலாமா?

மெலீயில் லூயிஜியின் பச்சை ஏவுகணை 8-இல் ஒரு தடவை வெடித்துப் பாயும். அது கேரக்டருக்கு அழகு. அப்படி ஒன்று இருக்கட்டும், ஆனால் வேண்டாத ஆளுக்கு, வேண்டாத நேரத்தில் தண்டனையாக வரும் அதிர்ஷ்டம் வேண்டாம். பிராலில் தடுக்கி விழுவது அந்த வகை.

பாஸ் கேரக்டரையும் (கடைசியில் வரும் பலமான எதிரி) பேலன்ஸ் செய்ய வேண்டுமா?

வேண்டாம், ஆனால் தனியாக வையுங்கள். 1994-இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் ஒளிந்திருந்த அகுமா காற்றிலிருந்தே பந்து எறிவான். அமெரிக்கப் போட்டிகளில் அவனைத் தடை செய்தே ஆடினார்கள். கேரக்டரின் பெயரிலேயே "பாஸ்" என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

மோட் செய்கிறவர்களின் வேலை அசல் விளையாட்டைத் தொட்டதுண்டா?

உண்டு. 1992-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷனைத் திருட்டுத்தனமாக மாற்றிய சிப்கள் ஆர்கேடுகளில் பரவின. அதில் ஒன்று ரெயின்போ எடிஷன். காற்றிலிருந்தே ஹடோகென் என்ற பந்து, திரை நிறையப் பந்து, கண்மண் தெரியாத வேகம். பேலன்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேகமாக ஆட மக்களுக்கு ஆசை இருக்கிறது என்பதை அது காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் கேப்காம் டர்போ: ஹைப்பர் ஃபைட்டிங்கை வெளியிட்டது. வேகம் கூடியது, ரியூவும் கென்னும் காற்றிலேயே சுழல் உதை போட்டார்கள். சாம்பியன் எடிஷனில் ஆட்டிப்படைத்த சகாட் அடக்கப்பட்டான். கட்டுப்பாடில்லாத மோடில் இருந்த சந்தோஷத்தை எடுத்து, எதிராளிக்கும் இடம் வைத்துக் கொடுத்தார்கள்.

வேறொருவர் செய்த கேரக்டரைத் திருத்தி வெளியிடலாமா?

அவருடைய ரீட்மீ கோப்பைப் படியுங்கள். அனுமதி இல்லை என்றால் உங்கள் கணினியோடு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் அவர் பெயரை மேலேயும் உங்கள் மாற்றங்களைக் கீழேயும் எழுதுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை மாற்றம் செய்யலாம்?

ஒரு மூவில் ஒரு மாற்றம். ஸ்டார்ட்அப்பையும் கூட்டி, டேமேஜையும் குறைத்து, பெட்டியையும் சுருக்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பெரும்பாலும் மூவே செத்துப் போயிருக்கும். மாற்றத்தை எழுதும்போது பழைய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்: "நிற்கும் ஹெவி உதை, கார்டு.ஹிட்டைம் 18-லிருந்து 11, பிளாக்கில் ப்ளஸ் 1 இருந்தது, இப்போது மைனஸ் 6." இரண்டு வாரம் ஆடிவிட்டுத் திரும்பி வரும்போது, எண் மட்டும் இருந்தால் போதாது, எதற்காக மாற்றினோம் என்பதும் வேண்டும். அதையும் அடுத்த வரியில் போடுங்கள்.